நவம்பர் மாதத்து வெள்ளை

மலேசியாவின் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் உச்சி வெயிலைத் தேடிப் போய் நின்றவள் வாசுகி ஒருத்தியாகத்தான் இருக்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸுக்காக எல்லோரும் நிறுத்தத்துக் கூரையின் கீழ் ஒண்டிக்கொண்டிருக்கும்போது, அவள் மட்டும் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போவாள். அங்கே ஒரு சாக்கடை மூடியின் மேல் மூன்று புள்ளிகள் வரைந்து வைத்திருந்தாள். புள்ளிக்கு ஒன்றாகக் கேமரா முக்காலியின் கால்களை ஊன்றினால், போன மாதம் எடுத்த அதே கோணம் வரும். நிறுத்தம், அதன் பச்சைத் தகரக் கூரை, அதற்குப் பின்னால் வரிசையாக ஏழு தூங்குமூஞ்சி மரங்கள்.

நாற்பத்து மூன்று வயது. பாமாயில் சுத்திகரிக்கும் ஆலையொன்றின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். செடெனாக் தோட்டத்து வீட்டிலிருந்து பத்தொன்பது வயதில் கிளம்பி வந்தவள், அன்று உட்கார்ந்த மேசையில்தான் இன்றும் உட்கார்ந்திருக்கிறாள். எண்ணெயைச் சின்னக் குப்பியில் ஊற்றி ஓர் இயந்திரத்துக்குள் வைப்பது அவள் வேலை. இயந்திரம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை எண்ணெய்க்குள் செலுத்தி, ஈரம் எவ்வளவு, அமிலம் எவ்வளவு என்று அரை நிமிடத்தில் எண்களாகத் துப்பிவிடும். ஒருமுறை அதைப் பழுதுபார்க்க வந்த பொறியாளரிடம் கேட்டாள்.

"சார், அந்த லைட் பாக்க எப்படி இருக்கும்?"

"அது இன்ஃப்ராரெட் லா. மனுசக் கண்ணுக்குத் தெரியாது. தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

என்ன பண்ணப் போகிறாள் என்று அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் இருபது வருடங்களுக்கு மேலாகத் தினமும் கையாளுகிற ஒன்றை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை என்பது செருப்புக்குள் புகுந்த மணல்போல உறுத்திக்கொண்டே இருந்தது.

பார்க்க வழி இருந்தது. டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு அந்த ஒளி தெரியும். தெரிந்தால் படம் கெடும் என்பதால் முன்னால் ஒரு கண்ணாடி வைத்துத் தடுத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியைக் கழற்றி, அந்த அகச்சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடும் கறுப்புக் கண்ணாடியைப் பொருத்தினால் போதும். ஜொகூர் பாருவில் அதைச் செய்கிற ஒரு கடையைக் கண்டுபிடித்து, தன் பழைய கேமராவைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கேமராவில் சாதாரணப் படம் எடுக்க முடியாது.

"நல்லா இருந்த கேமராவக் குருடாக்கிட்டியே" என்றான் கணவன் மனோகரன். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். எந்த இயந்திரத்தையும் பிரித்துப் போட்டால் அவனுக்கு ஆகாது.

"குருடு இல்லங்க. இப்பதான் அதுக்குக் கண்ணு தெரியுது."

முதல் படம் முழுக்க பீட்ரூட் சாறு கொட்டியதுபோலச் சிவப்பாக வந்தது. பிறகு கற்றுக்கொண்டாள். படம் எடுக்கும் முன் புல்தரையைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லவேண்டும். கணினியில் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றவேண்டும். அப்போது வானம் ஆழ்ந்த நீலமாகும். இலைகள் பஞ்சு வெடித்ததுபோல வெள்ளையாகும். பச்சையிலை அந்த ஒளியைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் அப்படியே திருப்பி அனுப்புவதால் வரும் வெள்ளை அது. வெயில் ஏற ஏற வெள்ளையும் கூடும். பச்சைப் பெயின்ட் அடித்த தகரக் கூரையோ மை கொட்டியதுபோலக் கறுத்துவிடும். நம் கண்ணுக்குத்தான் அதுவும் பச்சை, இலையும் பச்சை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆலைச் சீருடையின் கருநீலச் சாயம் அந்த ஒளியில் காணாமல் போய்விடும். நிறுத்தத்தில் நிற்கிற எல்லோரும் வெளுத்த சட்டையில் நிற்பார்கள்.

"அலமாக்! எல்லாரும் கல்யாணத்துக்கு பஸ் ஏறப் போற மாதிரி இருக்கோமே டி!" என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவள் யோகேஸ்வரி.

யோகேஸ்வரி அதே ஆலையில் பேக்கிங் பிரிவு. பதினொரு வருடங்களாகப் பஸ்ஸில் வாசுகிக்குப் பக்கத்து இருக்கை. வாசுகி பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவள். வாசுகி சாலையைக் கடக்கும்போது அவளும் குடையோடு கூடவே கடப்பாள். கேமரா சூடாகக் கூடாது என்று குடையைக் கேமராவுக்குப் பிடித்துவிட்டுத் தான் வெயிலில் நிற்பாள். பஸ்ஸில் யாராவது, "என்னக்கா அது, எக்ஸ்ரேயா?" என்று கேட்டால், வாசுகி வாயைத் திறக்குமுன் யோகேஸ்வரி விளக்கம் சொல்லி முடித்திருப்பாள். இலை, சாயம், கண்ணாடி எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தன்னைவிட அழகாகச் சொல்கிறாளே என்று வாசுகி ஜன்னல் பக்கம் திரும்பிப் புன்னகைத்துக்கொள்வாள். தனக்கென்று ஒரு பைத்தியக்காரத்தனம் இருந்து, அதில் இன்னொருவரும் பங்கெடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கூச்ச சுபாவக்காரர்களுக்குத்தான் தெரியும்.

சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், ஏழு மரங்களையும் வெட்டிவிடுவார்கள் என்ற செய்தி போன வருடத் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. வருடக் கடைசிவரை மரங்கள் நிற்கும் என்றார்கள். வாசுகி கணக்குப் போட்டாள். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு படம். அதே இடம், அதே நேரம், அதே ஒளி. மழை மாதத்தில் துளிர்க்கும், வறட்சியில் உதிர்க்கும், எல்லாம் அந்த வெள்ளையில் தெரியும். ஜொகூர் பாருவில் ஒரு தமிழ்ச் சங்கம் பொங்கலை ஒட்டிப் புகைப்படக் கண்காட்சி வைக்கிறது என்று யோகேஸ்வரிதான் கண்டுபிடித்துச் சொன்னாள். சங்கத்தின் செயலாளர் ராஜசேகரன் முதல் ஐந்து படங்களைப் பார்த்துவிட்டு, ஒரு முழுச் சுவரையும் தருவதாகச் சொல்லிவிட்டார். அந்தச் சுவரில் ஒட்ட வேண்டிய வாசகத்தை வாசுகி நான்கு நாட்கள் உட்கார்ந்து எழுதினாள். அவள் வாழ்க்கையில் எழுதியதிலேயே நீளமானது அதுதான்:

'இந்தப் பன்னிரண்டு படங்களில் இருக்கும் வெள்ளை, இந்த மரங்களின் இலைகள் அந்தந்த நாளில் திருப்பி அனுப்பிய ஒளி. கணினியில் பூசியது அல்ல. இனி இந்த மரங்களை இப்படிப் பார்க்க முடியாது.'

அக்டோபர் வரை பத்துப் படங்கள் ஆயின. அக்டோபர் நடுவில் மழையில் நனைந்த பஸ் படிக்கட்டில் வாசுகியின் கால் வழுக்கியது. கணுக்காலில் இரண்டு எலும்பு முறிந்தது. தகடு வைத்து, மாவுக்கட்டு போட்டு, ஜனவரி நடுவரை எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புக் கொடுத்து வீட்டில் படுக்கவைத்துவிட்டார்கள். வலியைவிட அவளை வாட்டியது நவம்பரும் டிசம்பரும்தான்.

ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்த யோகேஸ்வரி, கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குடி முகத்த இப்படி வச்சிருக்க? நான் செத்தா போயிட்டேன்? கேமராவக் குடு. மூணு புள்ளி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"புல்லுக்கு முதல்ல காட்டணும் யோகி. அப்புறம் அப்பர்ச்சர்..."

"அஞ்சு புள்ளி ஆறு. அதுக்கு மேல போனா நடுவுல வெள்ளையா வட்டம் விழும். பத்து மாசம் குடை பிடிச்சவ கிட்டயே சொல்றியே லா!"

வாசுகி சிரித்தாள். அடிபட்டதிலிருந்து அன்றுதான் சிரித்தாள்.

நவம்பர் முதல் சனிக்கிழமை மாலை கைப்பேசியில் படம் வந்து விழுந்தது. வலி மாத்திரை மயக்கத்தில் அதை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். ஏழு மரங்களும் வெள்ளையில் குமுறிக்கொண்டு நின்றன. அவளுடைய பத்தில் எதிலும் இவ்வளவு வெள்ளை வந்ததில்லை. கணினி வேலையையும் யோகேஸ்வரியே முடித்திருந்தாள். 'நானே கத்துக்கிட்டேன், எப்படி?' என்று கீழே எழுதி, கண் சிமிட்டும் பொம்மை ஒன்றைப் போட்டிருந்தாள். டிசம்பரிலும் அப்படியே. புத்தாண்டு பிறந்து நான்காம் நாள், மரங்களை அறுத்துவிட்டதாகச் செய்தி அனுப்பினாள். வாசுகி படுக்கையில் கிடந்தபடியே நிம்மதிப்பட்டாள். போனால் போகட்டும், பன்னிரண்டும் கையில் இருக்கின்றன.

பத்துப் படங்களை வாசுகி அச்சகத்துக்கு அனுப்பினாள். இரண்டை யோகேஸ்வரி நேராக அனுப்பினாள். அழைப்பிதழுக்கு ஒரு படம் தேர்ந்தெடுத்த ராஜசேகரன் நவம்பரைத்தான் எடுத்தார். "இதுதாம்மா டாப்பு" என்றார் தொலைபேசியில். சுவரில் போட 'வாசுகி – யோகேஸ்வரி' என்று இரண்டு பெயர்களையும் எழுதச் சொன்னது வாசுகிதான்.

பொங்கலுக்கு முந்திய ஞாயிறு காலை, ஊன்றுகோலோடு சங்க மண்டபத்துக்குப் போனாள். பத்து மணிக்குத் திறப்பு. எட்டரைக்கே பன்னிரண்டு படங்களையும் மாட்டியிருந்தார்கள், ஒவ்வொன்றும் கதவின் பாதி அளவு. ஜனவரியிலிருந்து மெல்ல நடந்து வந்தாள். ஏப்ரல், மே, ஜூன். கால் வலித்தாலும் நிற்கவில்லை. அக்டோபரைத் தாண்டி நவம்பருக்கு வந்தபோது நின்றாள்.

கூரை வெள்ளையாக இருந்தது.

பத்துப் படங்களில் மைபோல இருந்த தகரக் கூரை, பதினோராவதில் மரங்களுக்குப் போட்டியாகப் பளபளத்தது. யாராவது பெயின்டை மாற்றியிருப்பார்கள் என்று மனம் சட்டென்று ஒரு காரணத்தை எடுத்து நீட்டியது. அவள் அதைப் பிடித்துக்கொள்ளத்தான் பார்த்தாள். ஆனால் கண் ஏற்கெனவே கூரைக்குக் கீழே இறங்கிவிட்டது. நிறுத்தத்தில் நின்ற ஒன்பது பேரும் கருநீலச் சட்டையில் இருந்தார்கள். அசல் கருநீலம். டிசம்பரிலும் கருநீலம். யாரும் கல்யாணத்துக்குப் போகவில்லை.

சாதாரணப் படத்தை எடுத்து, அதில் பச்சையாக இருப்பதையெல்லாம் வெள்ளையாக்கு என்று கணினியிடம் சொன்னால் இப்படித்தான் வரும். அதற்கு இலையும் தெரியாது, தகரமும் தெரியாது. கைப்பேசித் திரையில், கட்டைவிரல் அளவுப் படத்தில், மாத்திரை மயக்கத்தில் இவளுக்கும் தெரியவில்லை.

யோகேஸ்வரி ஒன்பது மணிக்கு வந்தாள். மாம்பழ நிறப் பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை, கையில் வாசுகியின் கேமராப் பை. "சாமான் பத்திரமா இருக்கு, பிடி" என்று பையை நீட்டியவள், வாசுகியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, கால் வலிக்குதா?" என்றாள்.

"கூரைக்குப் பெயின்ட் மாத்தினாங்களா யோகி?"

"எந்தக் கூரை?"

"பஸ் ஸ்டாப் கூரை."

யோகேஸ்வரி படத்தைப் பார்த்தாள். ஒரு கணம்தான். "ஆமா. மாத்தினாங்க போல. எனக்கென்ன தெரியும்."

"யூனிஃபார்மும் மாத்திட்டாங்களா?"

வாசுகி பையைத் திறந்தாள். கேமராவில் பேட்டரி செத்துப் போயிருந்தது. மாற்று பேட்டரி அவள் கடைசியாக வைத்த அதே மூலையில், சுற்றிய உறையோடு அப்படியே இருந்தது. எடுத்துப் போட்டாள். திரை ஒளிர்ந்தது. கடைசிப் படம், அக்டோபர் ஐந்தாம் தேதி, பன்னிரண்டு நாற்பது. அவள் எடுத்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. திரையை யோகேஸ்வரியின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"சரி, போன்ல எடுத்தேன்" என்றாள் யோகேஸ்வரி. "எடுத்து ஒரு ஆப்புல போட்டேன். அதுக்கு என்ன இப்ப? ரோட்டத் தாண்டிப் போயித்தானே எடுத்தேன்? அதே மரந்தானே? அதே நாள்தானே?"

"கேமரா உன்கிட்டதானே இருந்துச்சு."

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டி?"

யோகேஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்தாள். மண்டபத்தின் மறுகோடியில் ராஜசேகரன் நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினாள்.

"வெக்கமா இருந்துச்சு வாசு. போதுமா? தனியா அந்த வெயில்ல ஸ்டாண்ட விரிச்சு, புல்லுக்குக் கேமராவக் காட்டி, அரை மணி நேரம்... பஸ் ஸ்டாப்புல அத்தன பேரும் பாத்துச் சிரிக்கிறாங்க. போன்ல எடுத்தா அஞ்சு செகண்ட்."

"நான் இருந்தப்பவும் சிரிச்சாங்க."

"நீ இருந்தப்ப அவங்க உன்னப் பாத்துதானே சிரிச்சாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோகேஸ்வரிக்கே உறைத்திருக்க வேண்டும். அதை மூடுவதற்காக வேகவேகமாகப் பேசினாள். "நானும் உனக்காகத்தான் சமாளிச்சேன். பஸ்ல எல்லார்கிட்டயும் எக்ஸ்ப்ளெயின் பண்ணினது யாரு? இல்லன்னா உன்னப் பைத்தியம்னே முடிவு பண்ணியிருப்பாங்க. பொழுதும் போச்சு, உனக்கும் சந்தோஷம். இதுல என்ன குத்தம்?"

பத்து மாதங்கள் குடை பிடித்த கையை வாசுகி பார்த்தாள். அந்தக் கை குடை பிடித்தது கேமராவுக்கு அல்ல, ஒரு பைத்தியத்துக்கு. இலையைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் பஸ்ஸில் யோகேஸ்வரி அவ்வளவு அழகாகச் சொன்னாளே, அதில் ஒரு சொல்லைக்கூட அவள் நம்பியிருக்கவில்லை. மனப்பாடம் மட்டும் செய்திருந்தாள். நம்பியிருந்தால் கூரையைக் கவனித்திருப்பாள்.

படுக்கையில் கிடந்தபோது, "எனக்கு முடியாது வாசு, வெக்கமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனோகரனிடம் கெஞ்சியிருக்கலாம். ஊன்றுகோலோடு டாக்சி பிடித்துத் தானே போயிருக்கலாம். நவம்பரில் மரங்கள் நின்றன. டிசம்பரிலும் நின்றன. இன்றைக்குப் போனால் அங்கே செம்மண்.

"யாருக்கும் தெரியப் போறதில்ல" என்றாள் யோகேஸ்வரி. "உனக்கு அந்தக் கூரைதானே பிரச்சினை? கம்ப்யூட்டர்ல கறுப்பாக்கிடு. ரெண்டு நிமிச வேலை. சட்டைய வெள்ளையாக்கு. நீதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே."

உண்மைதான். இரண்டு நிமிட வேலைதான். அதுதான் வாசுகியைச் சுட்டது.

அவள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, நவம்பர் படத்தின் சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்தாள். ராஜசேகரன் மறுகோடியிலிருந்து ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க? கோணலா இருக்கா?"

"இத எறக்கணும் சார். டிசம்பரையும்."

"ஐயையோ, ஏன்?"

"இது அந்தக் கேமராவுல எடுத்தது இல்ல. வெள்ளை அடிச்சது."

ராஜசேகரன் படத்தைப் பார்த்தார், வாசுகியைப் பார்த்தார், பட்டுச் சேலையில் நின்ற யோகேஸ்வரியைப் பார்த்தார். இருவருக்கும் நடுவே பொதுவாக ஒரு சிரிப்பைச் சிரித்தார். "அம்மா, அழைப்பிதழ்ல இருக்கிறதே இந்தப் படந்தான். இன்னும் அரை மணி நேரத்துல ஆளுங்க வந்துடுவாங்க. அழகா இருக்கு, விட்டுடுங்களேன். வேணும்னா அந்த வாசகத்த எடுத்துடலாம். யாரு படிக்கப் போறா?"

வாசுகி நான்கு நாட்கள் எழுதிய அந்தத் தாளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "வாசகம் இருக்கட்டும் சார்" என்றாள். "பன்னிரண்டுங்கிறத மட்டும் பத்துன்னு மாத்திக்கறேன். உங்க பேனாவக் குடுங்க."

அவர் பேனாவைக் கொடுத்தார். அவள் ஒரு சொல்லை அடித்து, மேலே இன்னொன்றை எழுதினாள். பிறகு பெயர்ப் பலகைக்கு வந்தாள். 'வாசுகி – யோகேஸ்வரி.' பேனாவைப் பிடித்துக்கொண்டு அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"அடிச்சிடு" என்றாள் யோகேஸ்வரி. அவள் கண்கள் கலங்கியிருந்தன. கோபத்திலா வேறெதிலா என்று சொல்ல முடியாது. "பதினோரு வருசத்த ஒரு தகரக் கூரைக்காக அடிச்சிடு. பஸ்ல எல்லார்கிட்டயும் நானே சொல்லிக்கிறேன், வாசுகிக்குத் தன் பேரு மட்டும் இருந்தாப் போதுமாம்னு."

சொல்லுவாள். அழகாகச் சொல்லுவாள். கேட்கிறவர்கள் நம்பும்படி சொல்லுவாள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும்போது பஸ் முழுக்க அந்தக் கதைதான் இருக்கும். தனக்கு அதை மறுத்துப் பேச வராது என்பதும் வாசுகிக்குத் தெரியும்.

அவள் பெயரை அடிக்கவில்லை. "நீ குடை பிடிச்ச பத்துப் படமும் இங்கதான் இருக்கு" என்றாள். "அதுக்கு உன் பேரு இருக்கட்டும்."

யோகேஸ்வரிக்கு அது அடித்ததைவிட அதிகமாக வலித்திருக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு அவள் நிற்கவில்லை. சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ராஜசேகரன் முணுமுணுத்தபடியே இரண்டு படங்களையும் இறக்கி, மேடைக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். வெற்றிடத்தில் நான்கு ஆணிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

பதினொரு மணி வாக்கில் கம்பெனி பஸ் ஓட்டுநர் மூர்த்தி மனைவியோடு வந்தார். அந்த நிறுத்தத்தில் பதினைந்து வருடங்களாகத் தினமும் வண்டியை நிறுத்தியவர். ஜனவரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜூலைப் படத்தின் ஓரத்தில் தன் பஸ்ஸின் மூக்கு தெரிவதை மனைவிக்குக் காட்டிச் சிரித்தார். அக்டோபரைத் தாண்டியதும் ஆணிகளைப் பார்த்து நின்றார்.

"ஏம்மா வாசுகி, நவம்பர், டிசம்பர் எங்க? மரம் அப்பவும் நின்னுச்சே. நான் தினம் பாத்தனே."

"நின்னுச்சுண்ணே" என்றாள் வாசுகி. "யாரும் எடுக்கல."